செய்முறைத் தேர்வில் விடை தெரியாத கேள்வி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசுப் பள்ளிகளுக்கு ரோபோ கருவித் தொகுப்புகளும் நவீன ஆய்வகங்களும் வழங்குவது பற்றித் தங்கள் நாளிதழில் வரும் செய்திகளையும், அவற்றையொட்டி வாசகர்கள் எழுதும் கடிதங்களையும் தொடர்ந்து படித்து வருகிறேன். அறிவியலையும் பொறியியலையும் கையால் செய்து பார்த்தே கற்க வேண்டும் என்பதிலும், அதற்குப் போதிய கருவிகள் இல்லை என்பதிலும் ஏறத்தாழ எல்லோரும் ஒன்றுபடுகிறார்கள். முதல் கருத்தோடு எனக்கு முழு உடன்பாடு. இரண்டாவதோடு இல்லை. மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் கற்பித்து, புறத்தேர்வாளராகப் பல பள்ளிகளின் ஆய்வகங்களையும் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: கருவிகள் போதுமான அளவு இருக்கும் பள்ளிகளிலும் பிள்ளைகள் பெரும்பாலும் சோதனை செய்வதில்லை, செய்ததாக ரெக்கார்டு நோட்டில் எழுதுகிறார்கள். இதற்குக் காரணம் கருவிப் பற்றாக்குறை என்பதைவிட, செய்முறைத் தேர்வு அமைந்திருக்கும் விதமே என்பது என் கருத்து.

பத்தாம் வகுப்பு அறிவியலில் 100 மதிப்பெண்ணுக்கு 25-உம், பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் ஒவ்வொன்றிலும் 20-உம் செய்முறைக்கு உண்டு. ஏட்டளவில் இது நல்ல ஏற்பாடுதான். நடைமுறையில் நடப்பதை ஆசிரியர்கள் எல்லோரும் அறிவார்கள். சோதனைகளின் பட்டியல் ஆண்டுத் தொடக்கத்திலேயே மாணவர் கையில் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் நோக்கம், வாய்பாடு, செய்முறை, அட்டவணை, முடிவு என்று ஒரே வார்ப்பில் எழுதப்பட்ட ரெக்கார்டு ஒன்று தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வருகிறது. தேர்வு நாளில் மாணவர் சீட்டு எடுக்கிறார். முடிவு என்ன வர வேண்டும் என்பது அவருக்கு முன்பே தெரியும். அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு அட்டவணையை நிரப்பிவிடுகிறார். வேதியியல் ஆய்வகத்தில் கரைசலின் செறிவும், பகுப்பாய்வுக்கு வைத்திருக்கும் உப்பின் பெயரும் மேசைக்கு மேசை காற்றில் வந்து சேர்வதும் உண்டு. முழு மதிப்பெண்ணோ அதற்கு ஒன்றிரண்டு குறைவாகவோ எல்லோருக்கும் கிடைத்துவிடுகிறது. இந்த ஏற்பாட்டில் யாருக்கும் நட்டமில்லை. பள்ளியின் தேர்ச்சி விழுக்காடு உயர்கிறது, பெற்றோர் மகிழ்கிறார்கள், மாணவர் தப்பிக்கிறார். தப்பிப்பது எதிலிருந்து என்பதைத்தான் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல விரும்புகிறேன்.

தனி ஊசல் சோதனையை எடுத்துக்கொள்வோம். ஒரு நூல், ஒரு குண்டு, ஒரு நிறுத்துக் கடிகாரம், ஓர் அளவுகோல் ஆகியவை போதும். இவை இல்லாத பள்ளி தமிழ்நாட்டில் இருக்க முடியாது. ஊசலின் நீளத்தையும் அலைவு நேரத்தையும் அளந்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் காண வேண்டும். ஒரு மீட்டர் நீளமுள்ள ஊசல் ஒருமுறை சென்று திரும்ப ஏறத்தாழ இரண்டு நொடி ஆகும். கடிகாரத்தை அழுத்தும் கைக்குக் குறைந்தது நொடியில் ஐந்தில் ஒரு பங்கு தடுமாற்றம் உண்டு. ஒரே ஓர் அலைவை அளந்தால் அந்தத் தடுமாற்றம் நேரத்தில் பத்து விழுக்காடாகவும், நேரத்தின் இருமடி வாய்பாட்டில் வருவதால் முடிவில் இருபது விழுக்காடாகவும் வளர்ந்துவிடும். இருபது அலைவுகளை எண்ணினால் அதே தடுமாற்றம் நாற்பது நொடியில் கரைந்து, முடிவில் ஒரு விழுக்காட்டுக்குச் சுருங்கிவிடும். இருபது அலைவுகளை எண்ண வேண்டும் என்ற விதி எல்லா ரெக்கார்டுகளிலும் இருக்கிறது. ஏன் இருபது என்று கேட்டால் 'அப்படித்தான் சார் எழுதியிருக்கிறது' என்ற விடைதான் வரும். முதலில் ஓர் அலைவை மட்டும் எண்ணவிட்டு, வகுப்பில் வரும் எல்லா விடைகளையும் கரும்பலகையில் எழுதிக் காட்டினால், 9.8-ஐ ஒட்டி வர வேண்டிய இடத்தில் ஏழும் பன்னிரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைக் காணும் பிள்ளை அந்த விதியைத் தானே கேட்டு வாங்கிக்கொள்ளும். அதற்குக் கூடுதலாக ஒரு பாடவேளை தேவைப்படும். அந்தப் பாடவேளையைத்தான் யாரும் கொடுப்பதில்லை.

இன்னொன்று. ஊசலின் நீளத்தைத் தொங்கும் இடத்திலிருந்து குண்டின் மையம் வரை அளக்க வேண்டும். பல பிள்ளைகள் நூல் முடியும் இடத்தோடு நிறுத்திவிடுவார்கள். குண்டின் ஆரம் ஒரு சென்டிமீட்டர் என்றால், ஒரு மீட்டர் ஊசலில் முடிவு ஒரு விழுக்காடு குறைந்து, நம் பகுதியில் 9.78 வர வேண்டிய இடத்தில் 9.68 வரும். இன்றைய முறையில் அந்த மாணவர் என்ன செய்வார்? அழிப்பானை எடுத்து நேரத்தைத் திருத்தி 9.8 வரவழைப்பார். (நம் ஊரில் உண்மையான மதிப்பு 9.78-ஐ ஒட்டியது என்பதும், புத்தகத்தின் 9.8 தோராயமாக்கிய எண் என்பதும் பலருக்குத் தெரியாமலே போகிறது.) அழிக்காமல் விட்டிருந்தால் என்ன கிடைத்திருக்கும்? வெவ்வேறு நீளங்களுக்கு அலைவு நேரத்தின் இருமடியை வரைபடத்தில் குறித்தால் நேர்கோடு கிடைக்கும். நூலின் நீளத்தை மட்டும் அளந்தவருடைய கோடு தொடக்கப்புள்ளி வழியே செல்லாது. நீள அச்சை ஒரு சென்டிமீட்டர் இடப்புறம் தள்ளி வெட்டும். ஆனால் கோட்டின் சாய்வு கெடாது. அதிலிருந்து கணக்கிட்டால் புவியீர்ப்பு முடுக்கம் சரியாகவே வரும். தள்ளி வெட்டிய அந்த ஒரு சென்டிமீட்டர் குண்டின் ஆரமேதான். மாணவர் அளக்க மறந்த ஒன்றை அவருடைய வரைபடமே அளந்து கொடுத்துவிடுகிறது. இதைக் கண்டு ஒரு பிள்ளை வியந்து நிற்பதைவிட இயற்பியல் ஆசிரியருக்குப் பெரிய ஊதியம் கிடையாது. அழிப்பான் அந்த வாய்ப்பைப் பறித்துவிடுகிறது. அழிப்பானைக் கையில் கொடுத்தது தேர்வு.

இதைத் தேர்வுக் கேள்வியாகவும் மாற்றலாம். உருண்டைக் குண்டுக்குப் பதிலாக ஒவ்வொரு மாணவருக்கும் ஒழுங்கற்ற வடிவமுள்ள ஒரு கல்லைக் கொடுத்து, அதை நூலில் கட்டி ஊசலாக்கி, கல்லின் மையம் நூலின் முடிச்சிலிருந்து எவ்வளவு கீழே இருக்கிறது என்று காணச் சொல்லலாம். கல்லுக்குக் கல் விடை மாறும். பக்கத்து மேசையைப் பார்ப்பதில் பயனில்லை. பழைய ரெக்கார்டும் உதவாது. செலவும் இல்லை. வேதியியலில் செறிவை ஆசிரியர்கூட அறியாதபடி மாவட்ட அளவில் கலந்து அனுப்பலாம், அல்லது கடையில் வாங்கிய வினிகரில் எத்தனை விழுக்காடு அமிலம் இருக்கிறது என்று கேட்டு, புட்டியின் மேல் அச்சிட்ட எண்ணோடு ஒப்பிடச் சொல்லலாம். மதிப்பெண்ணை முடிவுக்குக் கொடுக்காமல், அளந்த எண்களை அடித்துத் திருத்தாமல் எழுதியதற்கும், பிழை எங்கிருந்து வந்திருக்கும் என்று காரணம் சொன்னதற்கும் கொடுக்கலாம்.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு, நம் நாட்டிலேயே முப்பது ஆண்டுகள் நடந்த ஒரு முயற்சியை நினைவூட்டுகிறேன். மத்தியப் பிரதேசத்தில் இன்று நர்மதாபுரம் என்று பெயர் மாறியிருக்கும் ஹோஷங்காபாத் மாவட்டத்தில், 1972-இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் கற்பித்தல் திட்டம் தொடங்கியது. அனில் சத்கோபால் முன்னின்று நடத்திய கிஷோர் பாரதி என்ற தொண்டு நிறுவனமும், ரசூலியா என்ற ஊரில் இயங்கிய பிரண்ட்ஸ் ரூரல் சென்டரும் மாநில அரசின் ஒப்புதலோடு அதைத் தொடங்கின. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்தும் டெல்லிப் பல்கலைக்கழகத்திலிருந்தும் அறிவியலாளர்கள் வந்து ஊர்ப்புற ஆசிரியர்களோடு தரையில் உட்கார்ந்து சோதனைகளை வடிவமைத்தார்கள். 1978-இல் மாவட்டத்தின் நடுநிலைப் பள்ளிகள் அனைத்துக்கும் திட்டம் விரிந்தது. 1982-இல் உருவான ஏகலவ்யா நிறுவனம் பிறகு அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டது. ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு வழக்கமான பாடநூல் இல்லை. 'பால் வைஞானிக்' (குழந்தை விஞ்ஞானி) என்ற பணிநூல்தான். அதில் கேள்விகளும் செய்ய வேண்டிய சோதனைகளும் இருந்தன, விடைகள் இல்லை. நால்வர் சேர்ந்த குழுக்களாகப் பிள்ளைகள் சோதனை செய்து, கிடைத்ததைத் தங்கள் சொற்களில் எழுதிக்கொள்வார்கள்.

ஆட்டோ ஓட்டுநர் முதல் அமைச்சர் வரை இன்று எல்லோரும் பேசும் 'செயல்வழிக் கற்றல்' என்ற தொடரை வைத்து இதை அளந்துவிடக் கூடாது. ஹோஷங்காபாத்காரர்கள் புரிந்துகொண்டிருந்த ஒன்று நமக்கு இன்னும் உறைக்கவில்லை. வகுப்பறையை மட்டும் மாற்றித் தேர்வை விட்டுவைத்தால், ஆண்டு முடிவதற்குள் தேர்வு வகுப்பறையைத் தன் வழிக்கு இழுத்துக்கொள்ளும். ஆகவே அவர்கள் தேர்வையும் சேர்த்தே மாற்றினார்கள். எழுத்துத் தேர்வுக்குப் பிள்ளைகள் பணிநூலையும் தாங்கள் எழுதிய குறிப்பேட்டையும் கொண்டுவரலாம். திறந்து பார்த்து எழுதினாலும் விடை அதில் அப்படியே இருக்காது. முன்பு பார்த்திராத ஓர் அட்டவணையையோ சோதனையையோ கொடுத்து அதிலிருந்து என்ன முடிவுக்கு வரலாம் என்று கேட்பார்கள். செய்முறைத் தேர்வு தனியாக உண்டு. ஆசிரியர்களுக்குக் கோடை விடுமுறையில் பயிற்சி. அங்கே அவர்கள் சொற்பொழிவு கேட்பதில்லை, பிள்ளைகள் செய்யப்போகும் அத்தனை சோதனைகளையும் தாங்களே செய்து பார்த்து, பணிநூலில் குறை சொல்லித் திருத்துவார்கள். பள்ளி நடக்கும் நாட்களில் மாதம் ஒருமுறை வட்டார அளவில் கூடி, எந்தச் சோதனை சொதப்பியது, ஏன் சொதப்பியது என்று பேசிக்கொள்வார்கள். பிள்ளைகள் சந்தேகம் கேட்டு எழுத 'சவாலிராம்' என்ற கற்பனைப் பெயருக்கு ஒரு முகவரி இருந்தது. வரும் கடிதங்களுக்குப் பதில் போனது.

அந்தத் திட்டத்தின் காற்று பட்டவர்களில் ஒருவர்தான் அர்விந்த் குப்தா. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து டெல்கோவில் (இன்றைய டாடா மோட்டார்ஸ்) பொறியாளராக இருந்தவர், 1978-இல் ஓராண்டு விடுப்பில் அங்கே சென்றார். வாரச் சந்தையில் கிடைக்கும் சைக்கிள் வால்வு டியூபைச் சிறு துண்டுகளாக வெட்டி, தீக்குச்சிகளை அதில் செருகி, முக்கோணத்திலிருந்து பல முகங்கள் கொண்ட திண்ம வடிவங்கள் வரை செய்துகாட்டினார். நாற்கரம் ஆடிக் குலைவதையும் முக்கோணம் அசையாமல் நிற்பதையும் விரலால் அழுத்திப் பார்த்த பிள்ளைக்கு, கூரையிலும் பாலத்திலும் ஏன் முக்கோணச் சட்டங்கள் இருக்கின்றன என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அறிவியலும் பொறியியலும் ஒன்றையொன்று தொடும் இடம் அது. 2018-இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அவர் வளர்ந்த திட்டத்தையோ 2002-இல் மாநில அரசு நிறுத்திவிட்டது. மாநிலத்தின் மற்ற பள்ளிகளுக்கு உரிய பாடநூலுக்கே அந்தப் பள்ளிகள் திரும்பின. கருவி தீர்ந்துபோனதால் அது நிற்கவில்லை என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். சில பள்ளிகளின் பிள்ளைகள் மட்டும் வேறு விதமாகப் படித்து வேறு விதமாகத் தேர்வெழுதுவதை நிர்வாகம் நெடுநாள் பொறுத்துக்கொள்ளாது.

தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட முயற்சிகளே இல்லை என்று நான் சொல்லவில்லை. தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினர் பல ஆண்டுகளாகத் துளிர் இல்லங்கள் என்ற சிறுவர் அறிவியல் மன்றங்கள் வழியாகச் செய்துவரும் பணி எல்லோரும் அறிந்தது. தொடக்கப் பள்ளிகளில் அட்டைகளோடு கூடிய செயல்வழிக் கற்றல் 2007-08-இல் மாநிலம் முழுவதற்கும் வந்தது. 2022 நவம்பரில் திருச்சியில் தொடங்கப்பட்ட 'வானவில் மன்றம்' திட்டத்தில், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள அரசுப் பள்ளிப் பிள்ளைகளிடம் கருத்தாளர்கள் நேரில் சென்று அறிவியல், கணிதச் சோதனைகளைச் செய்துகாட்டுகிறார்கள். இது உண்மையிலேயே பாராட்டத்தக்கது. கருத்தாளர் வரும் நாளில் அந்த வகுப்பில் இருக்கும் கலகலப்பைப் பார்த்தவர்கள் இதை மறுக்க மாட்டார்கள். ஆனால் அவர் விருந்தாளியாக வந்து போகிறவர். பள்ளியின் அறிவியல் ஆசிரியர் மறுநாள் பாடநூலைத் திறந்து, ஒரு மதிப்பெண் வினாக்களைக் கோடிட வைக்க வேண்டியிருக்கிறது. அந்தப் பிள்ளை ஒன்பதாம் வகுப்புக்குப் போனதும் கலகலப்பு அடங்கிவிடுகிறது; பிளஸ் ஒன்னுக்கு வந்தால் நீட், ஜே.இ.இ. என்று கொள்குறி வினாக்கள் காத்திருக்கின்றன. சோதனையைக் கையால் செய்து பார்ப்பதற்கு அங்கே ஒரு மதிப்பெண்கூட இல்லை. ஆய்வக வேளையைப் பயிற்சித் தாள் தீர்க்கும் வேளையாக மாற்றிக்கொண்ட தனியார் பள்ளிகள் எத்தனை என்று பெற்றோர்கள் தங்கள் பிள்ளைகளிடமே கேட்டு அறியலாம்.

கருவி பற்றி ஒரு வார்த்தை. ஒரு பேட்டரிக் கட்டை, இரண்டு ஊக்கு, ஒரு சிறு காந்தம், மோட்டார் வைண்டிங் கடையில் மிச்சமாகக் கிடைக்கும் எனாமல் பூசிய செம்புக்கம்பி ஒரு முழம் ஆகியவை இருந்தால் சுழலும் மின் மோட்டார் ஒன்றைப் பிள்ளை செய்துவிடலாம். கம்பிச் சுருளின் ஒரு முனையில் எனாமலை முழுவதும் சுரண்ட வேண்டும். மறுமுனையில் பாதிச் சுற்றளவுக்கு மட்டும் சுரண்ட வேண்டும். இரண்டையும் முழுவதும் சுரண்டிய பிள்ளையின் சுருள் சுழலாமல் துடித்துக்கொண்டே இருக்கும். ஏன் என்று யோசித்துச் சரிசெய்த பிறகு, பாடநூலில் பிளவு வளையத் திசைமாற்றி என்று படத்தோடு போட்டிருப்பது என்ன வேலை செய்கிறது என்று விளங்கிவிடும். தயாராகப் பெட்டியில் வரும் ரோபோ தொகுப்பில் இந்தத் துடிப்புக்கு இடமில்லை. அங்கே எல்லாம் சொருகியதும் ஓடும். அந்தத் தொகுப்புகள் வேண்டாம் என்பதல்ல என் வாதம். அவற்றின் விலைக்கு எத்தனை முழம் கம்பி வாங்கலாம் என்று ஒருமுறையாவது கணக்குப் போட வேண்டும்.

கருவியே இல்லாத சோதனையும் உண்டு. ஏப்ரல் 24-ஐ ஒட்டிச் சென்னையில் நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். செங்குத்தாக நட்ட குச்சிக்கு நிழல் விழாது. அதே நாளில் மதுரையில் நட்ட ஒரு மீட்டர் குச்சிக்கு, அங்கே நண்பகலாகும் ஏறத்தாழ ஒன்பது நிமிடம் கழித்து, ஐந்தரை சென்டிமீட்டர் நிழல் இருக்கும். அதுவும் நாம் பழகியதற்கு மாறாகத் தெற்குப் பக்கம் விழும். அந்த நிழலிலிருந்து கிடைக்கும் கோணம் மூன்று பாகைக்குச் சற்று மேல். இரண்டு ஊர்களுக்கும் இடையிலான வடக்குத் தெற்குத் தொலைவு ஏறத்தாழ 350 கிலோமீட்டர். இவ்விரண்டு எண்களைக் கொண்டு எட்டாம் வகுப்புக் கணக்கால் பூமியின் சுற்றளவு 40,000 கிலோமீட்டர் என்று காணலாம். அந்நாள் பெரும்பாலும் ஆண்டுத் தேர்வுக் காலத்தில் வந்து தொலைக்கிறது என்பது வேறு கதை. ஆகஸ்டு 18-ஐ ஒட்டி இன்னொரு வாய்ப்பு உண்டு. சென்னைப் பள்ளி ஒன்றும் மதுரைப் பள்ளி ஒன்றும் தொலைபேசியில் பேசிக்கொண்டால் முடிந்தது.

பொறியியல் கல்வியின் நிலை இதிலிருந்து வேறுபட்டதல்ல. முதலாண்டுப் பணிமனையில் மாணவர் ஒரு இரும்புத் துண்டை வைஸில் பிடித்து அரத்தால் இழைத்து, மூலை மட்டம் வைத்து வெளிச்சத்தில் பார்த்தால் ஒளி கசியாத அளவுக்குச் செங்கோணமாக்க வேண்டும். பழகாத கை அரத்தை இரு கோடியிலும் தாழ்த்திவிடும். துண்டின் நடுப்பகுதி மேடாகிவிடும். தட்டையான பரப்பு என்பது எவ்வளவு அரிய பொருள், வரைபடத்தில் போகிற போக்கில் எழுதும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்ற அளவு எத்தனை மணி நேர உழைப்பு என்பதையெல்லாம் அந்த மேடு கற்றுக்கொடுக்கும். பின்னாளில் தேவையில்லாத இடத்திலும் மிக நுண்ணிய அளவைக் கேட்டு உற்பத்திச் செலவை ஏற்றிவிடும் பொறியாளர்கள், அந்தப் பாடத்தைத் தவறவிட்டவர்கள் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் இழைத்து முடித்த துண்டை வெளிக் கடையில் வாங்கிவந்து கொடுப்பது பற்றியும், இறுதியாண்டுத் திட்டப்பணியை அறிக்கையோடு விலைக்கு விற்கும் 'புராஜெக்ட் சென்டர்கள்' பற்றியும் தங்கள் வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. திட்டப்பணி தோற்றுப்போனால் மதிப்பெண் போய்விடும் என்ற நிலையில், தோற்காத ஒன்றை விலைக்கு வாங்குவது மாணவரின் கணக்குப்படி புத்திசாலித்தனம்தான்.

கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடு இதைக் காலத்துக்கு முன்பே உணர்ந்திருந்தார். பள்ளிப் படிப்பை முடிக்காதவர், இயந்திரங்களைக் கழற்றி மாட்டியே கற்றவர், 1937-இல் பாலசுந்தரத்தோடு சேர்ந்து இந்தியாவில் மின் மோட்டார் உருவாக்கியவர். 1945-இல் அவர் தொடங்கிய ஆர்தர் ஹோப் தொழில்நுட்ப நிறுவனத்தின் வழிவந்ததே இன்றைய அரசு தொழில்நுட்பக் கல்லூரி. நான்காண்டுப் பொறியியல் படிப்பு காலத்தை வீணாக்குவது, பணிமனையோடு இணைத்து நடத்தினால் இரண்டாண்டு போதும் என்று அவர் வாதிட்டார். அதை அரசு ஏற்கவில்லை. இரண்டாண்டு போதுமா என்பதில் எனக்கும் ஐயம் உண்டு. கணிதத்துக்கும் கோட்பாட்டுக்கும் அவர் கொடுத்த இடம் குறைவுதான். எனினும் படிப்பும் பணிமனையும் வெவ்வேறு கட்டடங்களில் வெவ்வேறு மதிப்பெண்களாகப் பிரிந்து கிடக்கும் வரை இரண்டும் நலிவடையும் என்று அவர் கண்டது சரியே. சென்னை ஐ.ஐ.டி.யில் மாணவர்கள் விரும்பிய நேரத்தில் சென்று எதையும் செய்து பார்க்கும் புத்தாக்க மையம் 2008 முதல் இயங்குகிறது. அங்கே செய்வதற்கு மதிப்பெண் இல்லை, கெட்டுப்போனால் கேட்பாரும் இல்லை. நாட்டின் கடினமான நுழைவுத் தேர்வில் வென்றவர்களுக்குக் கிடைக்கும் இந்த உரிமை, கைத்தொழிலையே பாடமாகக் கொண்ட அரசு பாலிடெக்னிக் மாணவருக்கும் ஐ.டி.ஐ. மாணவருக்கும் ஏன் கிடைக்கக் கூடாது?

'கெட்டுப்போனால் கேட்பார் இல்லை' என்று எழுதினேன். பள்ளி ஆய்வகங்களின் அலமாரிகள் பூட்டிக் கிடப்பதன் மெய்யான காரணம் அதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு பள்ளியிலும் இருப்புப் பதிவேடு உண்டு. ஆண்டுதோறும் இருப்புச் சரிபார்ப்பு நடக்கும். உடைந்த பியூரெட்டுக்கும் எரிந்துபோன அம்மீட்டருக்கும் பொறுப்பாசிரியர் விளக்கம் எழுத வேண்டும். உடைந்த பொருளைப் பதிவேட்டிலிருந்து நீக்குவதற்கு ஒப்புதல் வாங்க அலைய வேண்டும். பணி ஓய்வின்போது பதிவேடு சரியாக இல்லாவிட்டால் நிலுவை இல்லை என்ற சான்றுக்கே இடைஞ்சல் வரும். இந்த ஏற்பாட்டில் கருவியைப் பிள்ளை கையில் கொடுக்காதவர் நிம்மதியாக ஓய்வு பெறுகிறார், கொடுத்தவர் மாட்டிக்கொள்கிறார். கோடிக்கணக்கில் புதிய கருவிகள் வாங்கினாலும் இந்த விதி மாறாவிட்டால் அவையும் உறை பிரிக்காமல் அலமாரிக்கே போகும். ஆய்வக உதவியாளர் என்று நியமிக்கப்பட்டவர் பல இடங்களில் அலுவலக எழுத்து வேலைக்கு இழுக்கப்படுவதும் இதோடு சேர்ந்த சங்கதி. நாற்பது பிள்ளைகளுக்குக் கரைசல் கலந்து, கம்பி சரிபார்த்து, முடிந்ததும் கழுவி வைக்க ஆள் இல்லாமல் ஓர் ஆசிரியர் தனியாக எந்தச் சோதனையையும் நடத்த முடியாது.

இணையவழி மெய்நிகர் ஆய்வகங்களை மாற்றாகச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். பெருந்தொற்றுக் காலத்தில் அவை கைகொடுத்தன. விலையுயர்ந்த, ஆபத்தான சோதனைகளுக்கு இன்றும் பயன்படும். ஆனால் திரையில் ஆடும் ஊசலுக்குக் காற்றின் தடை இல்லை, முடிச்சு நழுவுவதில்லை, திருகு லொடலொடப்பதில்லை. பொருட்கள் நம் விருப்பத்துக்கு இணங்குவதில்லை என்பதே ஆய்வகத்தில் ஒருவர் கற்க வேண்டிய முதல் பாடம் என்பதால், மெய்நிகர் ஆய்வகங்களைத் துணையாக மட்டும் கொள்வது நல்லது.

ஆகவே பள்ளிக் கல்வித் துறைக்குத் தங்கள் நாளிதழ் வழியாக என் வேண்டுகோள் இது. வரும் கல்வியாண்டில் ஏதேனும் ஒரு மாவட்டத்தில், பிளஸ் டூ இயற்பியல், வேதியியல் செய்முறைத் தேர்வுகளில் பாதி மதிப்பெண்ணையாவது, பட்டியலில் இல்லாத, முடிவு முன்கூட்டியே தெரியாத ஒரு கேள்விக்கு ஒதுக்கிப் பார்க்கட்டும். முதல் ஆண்டில் சராசரி மதிப்பெண் குறையும், குறைந்தே தீரும். அதனால் உயர்கல்விச் சேர்க்கையில் அந்த மாவட்டத்துப் பிள்ளைகளுக்குப் பாதிப்பு வராதபடி, முதல் ஆண்டு அந்தப் பகுதியை மதிப்பெண் பட்டியலில் சேர்க்காமல் சோதனை ஓட்டமாக நடத்திக்கொள்ளலாம். அதே மாவட்டத்தில் மாதம் ஒருநாள் அறிவியல் ஆசிரியர்கள் வட்டார அளவில் கூடிப் பேசப் பணிநாளாகவே அனுமதி தர வேண்டும். ஆய்வக உதவியாளரை ஆய்வகத்திலேயே இருக்கவிட வேண்டும். ஆய்வகப் பொருட்களில் ஆண்டுக்கு ஒரு குறிப்பிட்ட விழுக்காடு உடைவது இயல்பு என்று ஏற்று, அந்த வரம்புக்குள் உடைந்தவற்றைத் தலைமையாசிரியரே பதிவேட்டிலிருந்து நீக்கலாம் என்று ஓர் அரசாணை பிறப்பிக்க வேண்டும். கடைசியாகச் சொன்ன இதற்கு நிதி ஒதுக்கீடும் தேவையில்லை, டெண்டரும் தேவையில்லை. ஒரு பக்கத் தாளும் ஒரு கையொப்பமும் போதும் என்பதால், துறை விரும்பினால் இதை இந்த மாதமே செய்துவிடலாம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
திண்டுக்கல் மாவட்டம்.